முதல் வண்டி வீட்டு அத்தை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற பேருந்து எங்கள் ஊர்ப் பிரிவில் நிற்கிறதென்றால் அதற்கு அத்தைதான் காரணம். அதற்கு முன்னால் கை காட்டினாலும் நிற்காது. டிரைவர் கொல்லிமலையை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வர வேண்டும்.

அன்று அத்தை கோழிகளுக்கான தடுப்பு மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் விட்டு நானும் அதே பேருந்தில் வந்தேன். பிரிவு வந்ததும் அத்தை எழுந்து நின்றார்.

“இங்க ஸ்டாப்பிங் இல்லீங்க” என்றார் கண்டக்டர்.

அத்தை சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னார்: “யாருங்க சொன்னது இல்லீன்னு? கும்பினி காலத்துல எங்க மொத வண்டி அச்சு முறிஞ்சு நின்ன எடமுங்க இது. அன்னைக்கே வண்டி நின்ன எடத்துல இன்னைக்கு நிக்காதுன்னா அது என்னங்க நாயம்?”

பேருந்தே சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. ஒரு கணம் யோசித்தார், விசில் ஊதினார். அன்றிலிருந்து இன்றுவரை அங்கே பேருந்து நிற்கிறது. அந்தப் பேருந்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. முந்தின வாரம்தான் அத்தை அதே வண்டியின் அதே அச்சு மாரியம்மன் கோயில் பக்கத்தில் முறிந்ததாக என் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அத்தை போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அந்த வண்டியைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அந்த மண்ணிலேயே முளைத்தவர்கள் அல்ல. வெள்ளைக்காரக் கும்பினி இந்தச் சீமையைப் பிடித்து வரி போட ஆரம்பித்த புதிதில், மலையடிவாரக் காட்டை வெட்டித் திருத்துகிறவர்களுக்குக் கொஞ்ச காலம் வரி கிடையாது என்று சொன்னார்களாம். பரமத்தி வேலூர் பக்கம் காவிரிக்கரையில் அண்ணன் தம்பிகள் பெருகி, பங்கு பிரித்துப் பிரித்து நிலம் சுருங்கிப்போன சில குடும்பங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பின. மூன்று வண்டிகள். தங்கள் அம்மன் கோயில் மண்ணில் ஒரு பிடியைக் கலயத்தில் போட்டு முதல் வண்டியில் வைத்துக்கொண்டார்கள். போய்ச் சேருகிற இடத்தில் அந்தப் பிடிமண்ணை வைத்துத்தான் புதுக் கோயில் எழுப்ப வேண்டும். எல்லா வீட்டுக்கும் பொதுவான கதை இவ்வளவுதான். இதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது, அத்தையைத் தவிர.

இன்றைக்கும் ஊரில் திருவிழா வரியை வண்டி வாரியாகத்தான் போடுகிறார்கள். எங்கள் வீடு இரண்டாம் வண்டி. அத்தை வாழ்க்கைப்பட்டு வந்தது முதல் வண்டி வீடு. அம்மன் மண்ணைச் சுமந்து வந்த வீடு என்பதால் திருவிழாவில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை அந்த வீட்டின் மூத்த ஆணுக்கு. மாமா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் அவர் மகன் மீசை முளைக்கும் முன்பே பரிவட்டம் கட்டிக்கொண்டவர். அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பெண் கொடுத்து எடுத்த வழக்கம் உண்டு. அந்த முறையில்தான் அவர் எனக்கு அத்தை.

ஆள் உயரம் குறைவு. புடவைக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, டிவிஎஸ் வண்டியின் பின்னால் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு வருவார். ஊருக்குள் எந்தத் தகராறு நடந்தாலும் அந்த வண்டிச் சத்தம் கேட்டுவிடும். வந்ததும் யாரிடமாவது தண்ணீர் வாங்கிக் குடிப்பார். “உக்காருங்க எல்லாரும். நின்னுட்டுக் கேக்கற கதையில்ல இது” என்பார். சண்டைக்காரர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவன் பாதி தணிந்த மாதிரிதான் என்பது அத்தைக்குத் தெரியும். பிறகு வண்டிகள் காவிரிக்கரையிலிருந்து கிளம்பும். எந்தச் சண்டைக்கு எந்தக் கதை வேண்டுமோ அந்தக் கதை வழியில் வந்து சேர்ந்துகொள்ளும்.

கோழிப்பண்ணை நாற்றம் தாங்கவில்லை என்று புதிதாக வீடு கட்டி வந்த ஆசிரியர் ஒருவர் புகார் சொன்னபோது, வண்டிக்கு அடியில் கூடையில் தொங்கவிட்டிருந்த சேவல் எங்கே கூவியதோ அங்கேதான் ஊரை வைத்தார்கள் என்றார். “கோழி பாத்து வெச்ச ஊருங்க சார் இது. கோழிய வெளிய போன்னா நாம எங்கீங்க போறது?” ஆசிரியர் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொண்டு சமாதானமாகிவிட்டார். அத்தையும் சும்மா விடவில்லை. வாரம் ஒரு அட்டை முட்டையை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவார்.

பண்ணையில் வேலைக்கு ஒடிசாவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து சேர்ந்தார்கள். வந்த புதிதில் அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். அத்தை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அவளுக்கு, மூன்று வண்டிகள் வந்த கதையை முழுக்கச் சொன்னார். மாடு படுத்துக்கொண்டது, சமைக்க விறகு ஈரமாக இருந்தது, ஒருத்திக்கு வழியிலேயே பிரசவம் ஆனது எல்லாம். அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டாளோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். எனக்கு அன்று அத்தை மேல் வந்த பிரியம் இன்னும் போகவில்லை.

கதைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒரு தடவை முதல் வண்டி மாடு மயிலை, இன்னொரு தடவை செவலை. ஒரு தடவை வந்தது மாசி மாதம், இன்னொரு தடவை ஐப்பசி அடைமழை. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் எதிர்த்துக் கேட்க யாருக்கும் வாய் வராது. அவர் சொல்லும்போது இருக்கிற உறுதியைப் பார்த்தால், நமக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டதோ என்று தோன்றும். தவிர, அவர் கதையால் நடந்த காரியங்கள் எல்லாம் நல்ல காரியங்களாகவே இருந்தன. நல்லது நடக்கிறபோது கணக்குப் பார்ப்பவர் யார்?

ஒரே ஒரு தடவை அத்தை வாயடைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். சேந்தமங்கலம் சந்தையில் ஒரு தீவன வியாபாரியிடம் கதை அளந்துகொண்டிருந்தார். “எங்க பாட்டனுங்க வந்தப்ப இங்க ஈ காக்கா கெடையாதுங்க. வெறும் முள்ளுக்காடு. பாம்பும் தேளுந்தான்.”

பக்கத்தில் அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருந்த கொல்லிமலைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “ஏங்கம்மா, அப்ப எங்க பாட்டன் பூட்டனெல்லாம் எங்க இருந்தாங்க? நீங்க கீழ வந்தப்பறந்தான் நாங்க மேல ஏறினோம்னு எங்க ஊர்ல சொல்றாங்களே?”

அத்தை வாயைத் திறந்தார், மூடினார். பிறகு பேரம் பேசாமல் அவளுடைய கூடை முழுவதையும் வாங்கிவிட்டார். தெருவில் எல்லா வீட்டுக்கும் அன்னாசிப்பழம் வந்து, எங்கள் நாக்கெல்லாம் புண்ணாகிப்போனது. அதற்குப் பிறகு சொன்ன கதைகளில் ஒரு மலைக்காரர் வர ஆரம்பித்தார். வண்டிக்காரர்களுக்குத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவர் மலைக்குத் திரும்பிப் போய்விடுவார். ஏன் போனார் என்பதை அத்தை எந்தத் தடவையும் சொன்னதில்லை. கேட்கலாம் என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை.

இனி என் சங்கதிக்கு வருகிறேன். இதில் ஒரு கிணறு இருக்கிறது.

எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு பொதுக் கிணறு. பக்கத்துத் தோட்டக்காரரும் திருவிழா வரியை எங்களோடு சேர்ந்து இரண்டாம் வண்டியில்தான் கட்டுவார். ஏன் என்று யாருக்கும் தெரியாது, வழக்கம். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு கோடையில் முறைத் தண்ணீருக்காக அப்பாவும் அவரும் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். டிவிஎஸ் சத்தம் கேட்டது. அத்தை வந்தார், தண்ணீர் குடித்தார், எல்லோரையும் வரப்பில் உட்காரவைத்தார்.

“ரெண்டாம் வண்டியில வந்தது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அண்ணனும் தம்பியும். அண்ணன் வழி நீ, தம்பி வழி இவரு. ஒரே தட்டுல களி தின்னவங்க ஊட்டு ஆளுங்க தண்ணிக்கு வெட்டிக்கறதா? த்தூ!”

இரண்டு பேரும் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து பக்கத்துத் தோட்டக்காரரை அப்பா “அண்ணா” என்று கூப்பிட ஆரம்பித்தார். பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வரும், இங்கிருந்து பச்சை மொச்சை போகும். சில வருஷங்கள் கழித்து அந்தப் பெரியவர் இறந்தபோது, அப்பா பங்காளி முறைக்கு மொட்டை அடித்துத் தீட்டுக் காத்தார். கிணற்றுச் சண்டையைத் தீர்க்கச் சொன்ன கதைக்கு மொட்டை போட்ட மனிதர் உலகத்திலேயே என் அப்பா ஒருத்தராகத்தான் இருப்பார்.

பெரியவரின் மகன் அதற்கு முன்பே பள்ளிபாளையம் போய்த் தறிப் பட்டறை வைத்துவிட்டார். அவருடைய மகன் குமரேசன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் படித்து முடித்து பள்ளிபாளையத்தில் ஒரு நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நூல் வாங்க வருகிற ஒருவர், வாங்க வேண்டியது இல்லாத நாட்களிலும் வந்துகொண்டிருந்தார். பேசினோம், பழகினோம். அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டபோது, அது தெரிய வேண்டிய கட்டத்தை நாங்கள் தாண்டியிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் பங்காளி வீடுகளுக்குள் கல்யாணம் கிடையாது. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் பங்காளி வீட்டுப் பையன் அண்ணன் தம்பிதான். வீட்டில் சொன்னபோது அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. “அவன் நம்ம பங்காளி ஊட்டுப் பையன் சாமி. அவிய தாத்தனுக்கு நான் மொட்டை போட்டிருக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குமரேசனின் அப்பாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. ஆனாலும், “ஊர் ஒத்துக்காம எப்படி? நாளைக்குப் பொறக்கற கொழந்தைய நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க” என்றார். அம்மா எனக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

நான் நேராகக் கோழிப்பண்ணைக்குப் போனேன். அத்தை முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்க கெணத்துக்காகச் சொன்ன கதையில நான் மாட்டிக்கிட்டேன் அத்தை” என்றேன். அழுகை வந்துவிட்டது. “ஊர்ல இருக்கறவங்க தகராறெல்லாம் தீர்த்து வெச்சீங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படிப் பண்ணுனீங்க? நீங்க கட்டுன முடிச்ச நீங்களே அவுத்து உடுங்க.”

அத்தை அட்டையைக் கீழே வைத்தார். என்னைத் தேற்றவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோழிகளைப் பார்த்தபடி நின்றார். அவர் தயங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பையன் நல்லவனா?” என்றார்.

“நல்லவருங்க.”

“கோவம் வந்தா ஊட்ட உட்டு வெளிய போடின்னு சொல்ற ஆளா?”

இது என்ன கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. “அப்படிப்பட்டவர் இல்லீங்க” என்றேன்.

“செரி. ஞாயித்துக்கெழமை கோயில்ல கூட்டம் போடச் சொல்லு உங்கப்பன. அவியளையும் வரச் சொல்லு. நான் வாரேன்.”

ஞாயிறு காலை கோயிலுக்கு முன்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. குமரேசனும் அவர் அப்பாவும் பள்ளிபாளையத்திலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தையின் மகன் தன் லாரியை வெளியே நிறுத்திவிட்டு வந்தார். லாரியின் நெற்றியில் ‘முதல் வண்டி’ என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் காளை படம் போட்டிருப்பார். அவருக்குத் தொழில் லாரி என்றாலும், பெருமை அந்தப் பழைய மாட்டு வண்டிதான்.

கோயில் தர்மகர்த்தா ஆரம்பித்தார். “அண்ணன் தம்பின்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இப்ப என்னங்க சொல்லப் போறீங்க?”

அத்தை தண்ணீர் கேட்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. தானும் நின்றுகொண்டே சொன்னார்.

“அவிய அண்ணன் தம்பி இல்லீங்க. ரெண்டாம் வண்டிக்காரருக்குத் தம்பியே கெடையாது. அந்த வண்டில வந்த பையன் எங்க ஊட்டுப் பையன். மொத வண்டிக்காரருக்கு மூத்த தாரத்து மகன். பெத்தவ செத்து தீட்டுக்கூடக் கழியாம இருந்துச்சு. ரெண்டாந்தாரம் கைப்புள்ளையோட வண்டில உக்காந்திருந்தா. நாமக்கல் கோட்டைக்குக் கீழ கொளத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுக் கெளம்பறப்ப, ‘வண்டில அம்மன் மண்ணு இருக்குது, தாய் செத்த தீட்டோட இவன் ஏறப்படாது’ன்னு அந்தப் பையன எறக்கி உட்டுட்டா. புருசங்காரன் வாயத் தொறக்கலீங்க. வண்டி போயிருச்சு. பையன் ரோட்டுலயே நின்னுட்டிருந்தான். பின்னால வந்த ரெண்டாம் வண்டிக்காரரு பாத்துட்டு, தூக்கித் தன்ற வண்டில ஏத்திக்கிட்டாரு. சோறு போட்டு வளத்தி, காட்டுல பங்கும் குடுத்தாரு. அதனாலதான் அவிய வரி அந்த வண்டில வருது. அவிய எங்களுக்குத்தான் பங்காளி. இந்தப் புள்ளைக்கு மாமன் மொறை. தாராளமாக் கட்டலாம்.”

அத்தை ஒரு மூச்சு விட்டுவிட்டு, மகன் இருந்த பக்கம் திரும்பாமல், மீதியையும் சொன்னார்.

“இன்னொண்ணுங்க. மூத்தவன் வமுசம் அவிய. நாங்க எளையவன் வமுசம். பரிவட்டம் அவியளுக்குத்தான் சேரோணும். இத்தன காலம் நாங்க கட்டிக்கிட்டது தப்புங்க.”

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. தர்மகர்த்தா கையைத் தூக்கி அடக்கினார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. “கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்றீங்க. அன்னைக்குச் சொன்னத இன்னைக்கு மாத்தறீங்க. இத மட்டும் எப்படீங்க நம்பறது?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்க முடியும்?

“நெசந்தானுங்க, நெறையச் சொல்லியிருக்கறேன்” என்றார் அத்தை, துளியும் அசராமல். “நான் சொன்னதுல எதாவது ஒரு கதையில எங்க ஊட்டுக்கு நட்டம் வந்திருக்குதுங்களா? யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம். என்ற மகன் தலையில இருக்கற பரிவட்டத்த அவுத்துக் குடுக்கறதுக்கு, பெத்தவ பொய் சொல்லுவாளுங்களா?”

தர்மகர்த்தா உட்கார்ந்துவிட்டார்.

அப்பாதான் எழுந்தார். முகத்தில் சந்தோஷமா குழப்பமா என்று தெரியவில்லை. கை தானாகத் தலைக்குப் போனது. “அக்கா, அப்ப நான் போட்ட மொட்டை?”

“மாமன் மச்சான் மேல இருக்கற பாசத்துல போட்டதா வெச்சுக்கடா. முடிதான் வளந்துருச்சில்ல?”

ஊரே கொல்லென்று சிரித்தது. சிரித்துவிட்ட பிறகு யாராலும் முறைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டு எடுத்து வரச் சொன்னார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அத்தையின் மகன் எழுந்து போனதைப் பார்த்தேன், லாரி கிளம்புகிற சத்தத்தையும் கேட்டேன். அத்தையும் கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் கல்யாணம் வைகாசியில் நடந்தது. அடுத்து வந்த திருவிழாவில் பரிவட்டத்தை என் மாமனாருக்குக் கட்டினார்கள். தறிப் பட்டறையில் பனியனோடு நிற்கிற மனிதர், பட்டுத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கூச்சத்தில் நெளிந்தார். அத்தை பெண்கள் கூட்டத்தில் நின்று எல்லோருக்கும் முன்னால் குலவை போட்டார். அவர் மகன் அந்த வருஷம் திருவிழாவுக்கு வரவில்லை. லாரி நெற்றியில் இருந்த எழுத்தை அழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அத்தை பண்ணையிலேயே ஒரு ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். மகன் மறுபடி பேச ஒரு பேரன் பிறக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அத்தை வண்டி வந்த கதையைச் சொல்லவே இல்லை. சண்டைக்குக் கூப்பிட்டால் வருவார், இரண்டு பேரையும் திட்டுவார், போய்விடுவார். ஊருக்கே ஏதோ குறைந்துபோன மாதிரி இருந்தது. எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. என் கல்யாணத்துக்காக ஒரு பொய்யைச் சொல்லி, தன் மகனையும் இழந்து, சொல்லும் வாயையும் இழந்துவிட்டாரே என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது காலையிலேயே பண்ணைக்குப் போனேன். தீவன மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டே விட்டேன். “எனக்காகத்தான அத்தை அந்தக் கதையக் கட்டுனீங்க?”

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பழைய கெத்து முகத்தில் வந்துவிட்டது.

“உனக்காகக் கட்டறதுன்னா இன்னும் நல்லதா ஒண்ணக் கட்டியிருக்க மாட்டனா கண்ணு? என்ற மகன் பரிவட்டத்துக்குச் சேதாரம் இல்லாம ஒரு கதை கட்டத் தெரியாதா எனக்கு?”

“அப்ப அது கட்டுன கதை இல்லீங்களா?” என்றேன்.

“என்ற மாமியா கண்ண மூடறதுக்கு முன்னால, இவ்வளவு நாளு வெச்சிருந்தேன், இனி நீ வெச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போன கதை இது ஒண்ணுதான். அவியளுக்கு அவிய மாமியா சொன்னது. ஊட்டுக்கு வர்ற பொம்பளைங்க மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கறது. ஆம்பளைங்களுக்குச் சொல்லப்படாதுன்னு கட்டளை. மத்ததெல்லாம், அச்சு முறிஞ்சது, சேவல் கூவுனது, உங்க அண்ணன் தம்பி, எல்லாம் நானாச் சொன்னது.”

“அப்ப உங்க மருமகளுக்குச் சொல்ல வேண்டியதத்தான் ஊர் முன்னாடி சொல்லிட்டீங்களா?”

“ஆமா. எத்தன பேருதான் அத வெச்சுக்கிட்டே சாகறது?” டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “அந்தப் பையன வண்டில இருந்து எறக்கி உட்டது எங்க ஊட்டுப் பொம்பள. மறுக்கா ஏத்தி உடறதுக்கும் எங்க ஊட்டுப் பொம்பளதான வரோணும்?”

சொல்லிவிட்டு எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூட்டையைப் பிரித்தார். நான் மறுபக்கத்தைப் பிடித்துக் கொடுத்தேன்.